நோன்பு மாதத்தில் ஒரு மதியச் சாப்பாடு

எனக்கு எட்டு வயதான அந்த வருடம், ரமலான் மாதத்தில் எங்கள் வீட்டில் மதியம் சாப்பிட்டவர்கள் இரண்டு பேர். ஒருத்தி நான், இன்னொருவர் என் வாப்பா. நான் சாப்பிட்டது தெருவுக்கே தெரியும். வாப்பா சாப்பிட்டது உம்மாவுக்கும் எனக்கும் மட்டும்தான் தெரியும். டாக்டருக்கும் தெரியும் என்று வைத்துக்கொள்ளலாம், சாப்பிடச் சொன்னவரே அவர்தான்.

சவூதி வேலையை முடித்துக்கொண்டு தென்காசிக்குத் திரும்பியபோது வாப்பா கம்பளி, டார்ச் லைட், வாசனைப் பவுடர் இவற்றோடு சர்க்கரை நோயையும் கொண்டுவந்திருந்தார். மற்றதையெல்லாம் சொந்தக்காரர்களுக்கு அள்ளி அள்ளிக் கொடுத்தவர், இதை மட்டும் யாரிடமும் காட்டவில்லை. சீசன் மாதங்களில் சாச்சாவோடு சேர்ந்து குற்றாலத்தில் பழக்கடை போடுவார். சாச்சா என்றால் அவருடைய தம்பி. மங்குஸ்தானையும் ரம்புட்டானையும் அடுக்கி வைத்துக்கொண்டு, குளித்துவிட்டு ஈரத்தலையோடு வருகிறவர்களிடம் "சீனி மாதிரி இருக்கும், சாப்பிட்டுப் பாருங்க" என்று சொல்வதுதான் தொழில். டாக்டர் பழமே கூடாது என்று சொல்லவில்லை, அளவாகச் சாப்பிடலாம் என்றுதான் சொல்லியிருந்தார். ஆனால் ஆரம்பித்தால் அளவில் நிற்கிற ஆள் தான் இல்லை என்று வாப்பாவுக்குத் தன்னைப் பற்றி நன்றாகத் தெரியும். அதனால் ஒரு சுளையைக் கூட வாயில் போட மாட்டார்.

வீட்டில் அளவு பார்ப்பது உம்மாவின் வேலை. முதலில் உம்மா சோற்றை நிறுத்திவிட்டுச் சப்பாத்திக்கு மாறினாள். அரிசிதான் விரோதி, கோதுமைக்கு நோயோடு சண்டையே கிடையாது என்று எங்கள் தெருவில் எல்லாரும் நம்பிக்கொண்டிருந்த காலம். வாப்பாவும் விரோதி ஒழிந்த சந்தோஷத்தில் சப்பாத்தியை அடுக்கி வைத்துச் சாப்பிட்டார். சர்க்கரை ஏறித்தான் போனது. டாக்டர் சிரித்துவிட்டு, "கோதுமையும் அரிசிக்குத் தம்பிதாம்மா. எது சாப்பிடுதாருங்கது ஒரு பக்கம், எவ்வளவு சாப்பிடுதாருங்கது இன்னொரு பக்கம்" என்றாராம். அன்றிலிருந்து வாப்பாவின் தட்டில் சோறு ஒரு சின்னக் கிண்ணத்துக்குள் அடங்கியது. மீதி இடத்தை அவரைக்காயும் புடலங்காயும் கீரையும் பிடித்துக்கொண்டன. கூடவே சாளை மீன் குழம்பு, கொஞ்சம் சுண்டல், உப்புப் போட்ட மோர். சோற்றைக் குவித்து நடுவில் குழி பறித்துக் குழம்பு ஊற்றிச் சாப்பிட்ட மனிதர் அவர். எங்கே குழி பறிப்பது என்று தெரியாமல் முதல் நாள் கொஞ்ச நேரம் தட்டையே பார்த்துக்கொண்டிருந்தார்.

இந்த நிலையில்தான் ரமலான் வந்தது. மாத்திரை போட்டுக்கொண்டு பட்டினி கிடந்தால் சர்க்கரை ஒரேயடியாக இறங்கிவிடும், இந்த வருடம் நோன்பு வேண்டாம், கட்டுக்குள் வந்த பிறகு அடுத்த வருடம் பார்க்கலாம் என்று டாக்டர் சொல்லிவிட்டார். நோயாளிக்கு மார்க்கத்திலும் தடை இல்லை, பிறகு பிடிக்க முடிந்தால் பிடிக்கலாம், முடியாவிட்டால் பதிலாக ஏழைக்கு உணவு கொடுத்தால் போதும். அல்லாஹ்விடம் சொல்ல வாப்பாவுக்குக் கூச்சம் எதுவும் இருக்கவில்லை. அடுத்த வீட்டில் இருந்த அவருடைய அக்காவிடம் சொல்லத்தான் கூச்சம். அந்த அக்கா எனக்கு மாமி. மாமிக்குத் தெரிந்தால் மதிய லுஹர் தொழுகைக்குள் தெருவுக்குத் தெரியும், சாயங்கால அஸருக்குள் கடையநல்லூர் வரைக்கும் தெரியும்.

உம்மா ஒருமுறை, "சொல்லிட்டாத்தான் என்ன? தப்பா செஞ்சிட்டீங்க?" என்று கேட்டாள். வாப்பா எழுந்துபோய்க் கதவு சாத்தியிருக்கிறதா என்று பார்த்தார். பிறகு, "சுகர்னு ஒரு வார்த்தை சொல்லிட்டா, அதுக்கப்புறம் எவனும் என் மூஞ்சியப் பாத்துப் பேச மாட்டான். தட்டத்தான் பாப்பான்" என்றார். ஏன் அப்படிச் சொல்கிறார் என்று எனக்குப் புரியவில்லை. தட்டில் பார்க்கும்படி அப்படி ஒன்றும் இல்லையே என்று நினைத்துக்கொண்டேன்.

ஓட்டலில் திரை போட்டு மறைத்திருப்பார்கள்தான். ஆனால் திரைக்குள் நுழையும்போது பார்க்கிறவர்களுக்கு எந்தத் திரையைப் போடுவது? கடையிலேயே சாப்பிடலாம் என்றால் சாச்சா நோன்போடு எதிரில் இருப்பார். அதனால் பிள்ளையைப் பார்த்துவிட்டு வருகிறேன் என்று மதியம் பைக்கை எடுத்துக்கொண்டு வீட்டுக்கு வந்துவிடுவார். பள்ளிக்கூடம் தெருமுனையில் என்பதால் நானும் சாப்பிட வீட்டுக்கு வருவேன். உம்மா பின்அறைக் கதவைச் சாத்திவிட்டு இரண்டு தட்டு வைப்பாள். நோன்போடு சமைத்ததால் அவள் ருசி பார்த்திருக்க மாட்டாள். நாக்கு நுனியில் வைத்துத் துப்பிவிடலாம் என்று சொல்வார்கள், உம்மாவுக்கு அதற்கும் மனசு வராது. எனவே உப்புப் பார்க்கும் உத்தியோகம் எனக்குக் கிடைத்தது. உத்தியோகத்தைச் சும்மா சொல்லக்கூடாது, ரொம்பக் கண்டிப்பாகப் பார்த்தேன். வாப்பாவும் நானும் மட்டும் ஒரு கதவுக்குப் பின்னால் உட்கார்ந்து சத்தம் வராமல் மீன் சாப்பிட்ட அந்த மதியங்களைப் போலச் சந்தோஷமான மதியங்கள் எனக்கு அதற்கு முன்னால் வாய்த்ததில்லை.

மாமிக்கு மூக்கில் வியர்க்கும். குழம்பு கொதித்தால் வந்து நிற்பாள்.

"என்ன மைனி, மீனா?"

"பிள்ள சாப்பிடுதா மைனி."

"இம்புட்டு வாசத்துக்கு ஒரு பிள்ளதானா? நேத்து ரெண்டு தட்டு கழுவிப் போட்டிருந்தியே!"

"அவ ரெண்டு தடவ சாப்பிடுதா" என்று உம்மா மென்று விழுங்குவாள். கதவுக்கு இந்தப் பக்கம் வாப்பா கையில் மீனோடு மூச்சை அடக்கிக்கொண்டு உட்கார்ந்திருப்பார். நான் சிரிப்பை அடக்கிக்கொண்டு உட்கார்ந்திருப்பேன்.

இதன் விளைவு வேறு பக்கமாக வெடித்தது. குச்சி மாதிரி இருந்த நான் பெரிய தீனிக்காரி என்று பேர் வாங்கிவிட்டேன். மாமி மகள் எனக்கு ஒரு வயதுதான் மூத்தவள். அந்த வருடம் நோன்பு பிடித்துக்கொண்டிருந்தாள். "ரெண்டு தட்டுக்காரி வாரா பாரு" என்று தெருப் பிள்ளைகளை வைத்துக்கொண்டு அவள் சொன்னபோது எனக்கு ரோஷம் தலைக்கு ஏறியது. உண்மையைச் சொல்லவும் முடியாது. வாப்பா "நம்ம ரெண்டு பேருக்குள்ள" என்று சொல்லியிருந்தார். நேராக மாமியிடம் போய், "நாளைக்கு நானும் நோன்பு" என்று சொல்லிவிட்டேன்.

மாமி என்னைத் தூக்கி முத்தமிட்டாள். முதல் நோன்பு என்றால் எங்கள் பக்கம் சின்ன விசேஷம் மாதிரி. புதுச் சட்டை என்றாள், பூ என்றாள், நோன்பு திறக்கப் பெண்களையெல்லாம் கூப்பிடுகிறேன் என்றாள். உம்மா, "அவ தாங்க மாட்டா மைனி, அடுத்த வருசம் பாப்போம்" என்று எவ்வளவோ சொல்லிப் பார்த்தாள். "சனிக்கிழம, பள்ளிக்கூடமும் கிடையாது. நான் கூடவே இருந்து பாத்துக்கிடுதேன்" என்றாள் மாமி. உம்மாவும் வாப்பாவும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். என் வீரத்தை நினைத்துப் பெருமைப்படுகிறார்கள் என்று எடுத்துக்கொண்டேன்.

மாமி சொன்ன சொல் தவறவில்லை. வாப்பா இரண்டு இட்லி சாப்பிட்டு மாத்திரையும் போட்டுக்கொண்டு கடைக்குக் கிளம்பிய பிறகு வந்தவள், எங்கள் வீட்டுக் கூடத்தில் உட்கார்ந்தாள், உட்கார்ந்தவள் எழுந்திருக்கவில்லை. என்னைப் பார்க்க ஒவ்வொருவராகப் பெண்கள் வந்தார்கள். மதியம் வாப்பா சாரலில் நனைந்துகொண்டு வந்து நின்றபோது கூடம் நிறைந்திருந்தது. அடுப்பில் எதுவும் இல்லை. பிள்ளை நோன்பு இருக்கிற வீட்டில் யாருக்காக மீன் கொதிக்கும்?

வாப்பா வாசலிலேயே நின்றார். "பிள்ளையப் பாக்க வந்தேன்" என்றார். பிறகு, போகிறேன் என்று திரும்பினார்.

உம்மாதான் சுதாரித்தாள். "பிள்ளைக்கும் பொழுது போவணும்லா, அருவிப் பக்கம் கூட்டிட்டுப் போய்ட்டு வாங்க" என்று சொல்லி ஒரு பையை என் கையில் கொடுத்தாள். மேலே துண்டு இருந்தது. பை கனத்தது, அடியில் சூடாகவும் இருந்தது.

குற்றாலம் போகிற பாதையில் வயல் ஓரமாக ஒரு மரத்தடியில் வாப்பா வண்டியை நிறுத்தினார். இறங்கும்போது அவருக்குக் கை நடுங்கியது. குளிர்காற்று வீசுகிறது, அவர் நெற்றியில் வியர்வை. சட்டைப் பையைத் துழாவி ஒரு மிட்டாயை எடுத்துப் பிரித்து வாயில் போட்டுக்கொண்டார். எனக்கு ஆச்சரியமாகப் போய்விட்டது. வருடம் முழுக்க இனிப்பைக் கண்டால் ஒதுங்குகிறவர், நோன்பு மாதத்து நடுப்பகலில் மிட்டாய் சாப்பிடுகிறார். சர்க்கரைக்காரருக்கு இறங்கும்போது இனிப்புத்தான் மருந்து என்பது எனக்கு எப்படித் தெரியும்?

கொஞ்சம் தெளிந்ததும் பையிலிருந்து டிபன் டப்பாவை எடுத்தார். விடியலுக்கு முன் சஹருக்கு ஆக்கியதில் ஒதுக்கி வைத்த சோறும் மீனும், உம்மா யாரும் பார்க்காமல் சூடாக்கி அடைத்திருந்தாள். திறந்தவர் என்னைப் பார்த்துவிட்டு மூடிவிட்டார்.

"சாப்பிடுங்க வாப்பா."

"நோன்புப் பிள்ளைய முன்னால வச்சிக்கிட்டு எப்படிம்மா?"

"நான் வேணா அந்தப் பக்கம் திரும்பிக்கிடுதேன்."

திரும்பி உட்கார்ந்துகொண்டேன். கண்ணுக்கு எட்டின தூரம் வரைக்கும் நெல் நாற்று. என் முதுகுக்குப் பின்னால் வாப்பா ஒரு கிண்ணம் சோற்றைச் சாப்பிட்டார். அவசரமாகச் சாப்பிட்ட சத்தம் கேட்டது. எனக்கும் அப்போது நல்ல பசி. மீன் வாசம் வேறு. ஆனாலும் திரும்பவில்லை, அதில் எனக்கு ஒரு கர்வம்.

மாலையில் என்னை வீட்டில் விட்டுவிட்டு, பள்ளிவாசலில் கஞ்சி வாங்கத் தூக்குவாளியோடு வாப்பா போனார். புதுச் சட்டையும் பூவுமாக என்னை நடுவில் உட்கார வைத்தார்கள். ஈரத் துண்டைக் காயப் போடலாம் என்று மாமி பையைக் கவிழ்த்தாள். டப்பா விழுந்து திறந்துகொண்டது. உள்ளே மீன் முள்.

எல்லாரும் முள்ளையே பார்த்தார்கள். மாமி மகள்தான், "நோன்ப விட்டுட்டா!" என்று கத்தினாள்.

மாமி என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். கோபமே இல்லை, அதுதான் இன்னும் அழுகையைக் கிளப்பியது. "பரவால்ல ஏட்டி. சின்னப் பிள்ளதானே, பசிச்சிருக்கும். பொய் மட்டும் சொல்லாத" என்றாள்.

"நான் சாப்பிடல மாமி."

"அப்ப யாரு சாப்பிட்டா?"

நான் வாயைத் திறக்கவில்லை. கண்ணீர் மட்டும் வந்தது. உம்மா அடுக்களை வாசலில் சேலை முந்தானையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். பெண்கள் ஒருவர் காதில் ஒருவர் ஏதோ சொல்லிக்கொண்டார்கள். தலையில் வைத்த பூவைப் பிய்த்து எறிந்துவிடலாம் போல இருந்தது.

வாப்பா தூக்குவாளியோடு வாசலில் நின்றிருந்தார். எப்போது வந்தார் என்று தெரியவில்லை. உள்ளே வந்து வாளியைக் கீழே வைத்துவிட்டு அக்காவைப் பார்த்தார்.

"ராத்தா, அவளக் கேக்காதீங்க. சாப்பிட்டது நான். இந்த மாசம் பூரா நான்தான் சாப்பிடுதேன். எனக்குச் சுகர்."

எல்லார் முன்னாலும் சொன்னார். வழக்கமாகப் பேசுகிற குரலில்தான் சொன்னார்.

மாமி தம்பியின் முகத்தையே பார்த்தாள். பிறகு தலையில் முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு அழ ஆரம்பித்தாள். "எங்கிட்டச் சொல்ல மாட்டியாலே நீ? நான் யாரோவா?" என்று அழுதாள். அதற்குள் பள்ளிவாசலில் பாங்கு சொன்னார்கள். நான் பேரீச்சம்பழத்தைக் கடித்து என் முதல் நோன்பைத் திறந்தேன். மாமி மகள் தன் வடையை எனக்குக் கொடுத்தாள். மாமி கண்ணைத் துடைத்துக்கொண்டு கரண்டியை எடுத்தாள், வாப்பாவின் கிண்ணத்தில் ஊற்றியிருந்த கஞ்சியில் பாதியைத் திரும்ப வாளியிலேயே ஊற்றினாள். சர்பத் தட்டு எல்லாருக்கும் போனது, வாப்பாவைத் தாண்டிப் போனது. எனக்கு அதிலெல்லாம் கவனம் இல்லை. என் நோன்பு பொய்யில்லை என்று வாப்பா நிரூபித்துவிட்டார், அது போதும்.

மாமியைக் குறை சொல்ல முடியாது. மறுநாளிலிருந்து அவளே நோன்போடு நின்று அவரைக்காய் நறுக்கினாள், கீரை ஆய்ந்தாள், தம்பிக்கு மதியச் சாப்பாட்டை மூடி எடுத்துக்கொண்டு வந்தாள். வாப்பா கதவைத் திறந்து வைத்துக்கொண்டே சாப்பிட்டார். போகிறவர்கள் வருகிறவர்கள் நின்று, "அண்ணாச்சி, இது ஆகுமா ஒங்களுக்கு? அது ஆகாதே" என்று கேட்டுவிட்டுப் போனார்கள். எல்லாரும் பிரியமாகத்தான் கேட்டார்கள்.

நோன்புப் பெருநாள் அன்று மாமி வீட்டில் விருந்து. பெரிய தாம்பாளத்தில் பிரியாணியைப் போட்டு, சுற்றி நாலு பேர் உட்கார்ந்து ஒன்றாகக் கை வைத்துச் சாப்பிடுவது எங்கள் வழக்கம். சஹன் என்று சொல்வோம். வாப்பா, சாச்சா, மாமியின் வீட்டுக்காரரான மாமா, மாமாவின் தம்பி, இந்த நாலு பேரும் எப்போதும் ஒரே சஹன். நல்ல கறித்துண்டாகப் பார்த்து சாச்சா வாப்பா பக்கம் தள்ளிவிடுவார், வாப்பா திரும்ப அவர் பக்கம் தள்ளுவார், அந்தத் துண்டு அங்கேயும் இங்கேயும் போய்க் கடைசியில் மாமா வாயில் போய்விடும்.

அன்று மாமி அலமாரியைத் திறந்து ஒரு பூப்போட்ட பீங்கான் தட்டை எடுத்தாள். புது மாப்பிள்ளை வந்தால் மட்டும் வெளியே வருகிற தட்டு அது. எண்ணெய் இல்லாமல் தனியாகச் சுட்ட கோழி, நிறைய வெள்ளரிக்காய், ஓரத்தில் ஒரு கைப்பிடிச் சோறு வைத்து, சஹனுக்குக் கொஞ்சம் தள்ளி வாப்பாவை உட்கார வைத்து முன்னால் வைத்தாள். சஹனில் அவர் இடத்தில் ஒரு பையன் உட்கார்ந்துகொண்டான். வாப்பா தட்டைக் காலி செய்தார். "நல்லா இருக்கு ராத்தா" என்றார். சொல்லிவிட்டு, கறித்துண்டு போய் வந்துகொண்டிருந்த அந்தத் தாம்பாளத்தைப் பார்த்தபடி கை காய உட்கார்ந்திருந்தார்.

எனக்குப் பெருமை தாங்கவில்லை. அத்தனை ஆண்களில் என் வாப்பாவுக்கு மட்டும் தனித் தட்டு, அதுவும் பூப்போட்டது. ஓடிப்போய் அவர் தோளில் சாய்ந்துகொண்டு, "அடுத்த பெருநாளைக்கு எனக்கும் இது மாதிரித் தனித் தட்டு வைக்கச் சொல்லுங்க வாப்பா" என்றேன்.

வாப்பா என்னை இழுத்து முன்னால் நிறுத்தினார். "வேண்டாம் தாயி. நீ அங்கன போய் எல்லாரோடயும் சேந்து சாப்பிடு" என்றார்.

எனக்கு வந்ததே கோபம். பெற்ற பிள்ளைக்கு ஒரு தட்டுக் கேட்டு வாங்கித் தர மனசில்லையே இவருக்கு என்று முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு, உள்ளே பெண்கள் சுற்றி உட்கார்ந்திருந்த சஹனில் போய் உட்கார்ந்துகொண்டேன்.