‘நாதா’ யாரை அழைத்தது?

இன்று காலை எங்கள் மிஷன் கல்லூரி விடுதியில் ஒரு அநியாயம் நடக்க இருந்தது. நல்லவேளை, சிரிப்பில் முடிந்தது.

டாக்கி என்னும் பேசும்படம் பார்த்தவன் என்று தெரிந்தால் விடுதியிலிருந்து பெயரை அடித்துவிடுவார்கள். கல்லூரியை நடத்தும் வெள்ளைக்காரத் துரையின் பங்களாவில் மட்டும் கிராமபோன் பாடலாம். அது நாகரிகமாம்.

இளம்பிள்ளை ஊர்த் தறிக்காரர் மகன் செங்கோடன் குளித்துக்கொண்டே, “நாதா, இன்னும் தாமதமா?” என்று டாக்கிப் பாட்டில் உருகினான். வெளியே வார்டன். செங்கோடன் வீட்டில் கல்லூரிப் படி ஏறிய முதல் ஆள் அவன்தான். பெயர் போனால் மறுபடியும் தறிக்குழிதான்.

“எந்தக் கீர்த்தனை தம்பி அது?”

“புதுசுங்கய்யா,” என்றான் ஈரத்தலையோடு.

வார்டனுக்குக் கண் கலங்கிவிட்டது. “இந்துப் பிள்ளை ஆண்டவரை இப்படிக் கூப்பிடுறானே! இன்னைக்கு ஜெபத்துல நீதான் பாடணும்.”

“உட்டுருங்கய்யா, தொண்டை கட்டியிருக்குதுங்க.”

அவர் விடவில்லை.

ஜெபக்கூடத்தில் செங்கோடன் முதல் அடியைப் பாடினான். கதாநாயகி காதலனை அழைக்கும் அந்த அடிக்கு வார்டன் கண்மூடிக் கைகூப்பினார். இரண்டாம் அடியில் பயத்தால் அவனுக்குக் குரலே எழவில்லை.

கூடமே எடுத்துப் பாடியது! போதகர் மகன் குரல்தான் எல்லாவற்றுக்கும் மேலே. ஆர்மோனியத்தில் உபதேசியார் ஒரு சுரம் பிசகவில்லை.

செங்கோடன் தப்பினான்.

டாக்கிக் கொட்டகைப் பக்கமே போகாத பக்திமான்களே, இரண்டாம் அடியை உங்களுக்குச் சொல்லிக்கொடுத்தது யார்? பதிலை இந்தத் தாளின் பின்புறம் எழுதி அடுத்த அறைக் கதவின் அடியில் தள்ளுங்கள். உபதேசியார் ஐயாவும் எழுதலாம்.