யாருடைய ஜெபத்துக்கு ஆமென்?

ஒரே கூரையின் கீழ், ஒரே சாமியிடம், புருஷன் 'கொடு' என்கிறான். பெண்டாட்டி 'கொடுத்துவிடாதே' என்கிறாள். சாமி என்னதான் செய்யும்? கொஞ்ச நாளாக எனக்கு இதே யோசனை.

பக்கத்து வீட்டு தேவசகாயம் என்னை ஜெபக் கூட்டத்துக்குக் கூப்பிட்டதில் ஆரம்பித்தது வினை. தேவசகாயம் காரைக்குடியில் ஒரு செட்டியார் வீட்டு ஆச்சியின் கார் டிரைவர். டிரைவராக இருந்தவர் என்று சொல்ல வேண்டும். ஆச்சி குடும்பத்தோடு மெட்ராஸ் போய்விட்டார், காரையும் விற்றாயிற்று. அதிலிருந்து தேவசகாயத்துக்கு வேலை இல்லை. வீட்டில் மூன்று பெண் குழந்தைகள்.

"சும்மா வந்து உக்காருங்க சார். நீங்க நம்ப வேணாம், கேட்டாப் போதும்" என்றார்.

"விபூதியோட வரலாமா?"

"எப்புடி வந்தாலும் பாய் போட்டுருவாக சார்."

ஒரு வெள்ளிக்கிழமை போனேன். ஆண்கள் ஒரு பக்கம், பெண்கள் ஒரு பக்கம். போதகரை அங்கே 'ஐயர்' என்கிறார்கள் - என் முதல் குழப்பம் அதிலேயே ஆரம்பம். ஆனால் ஐயர் நன்றாகப் பேசினார்.

"நம்ம ஊர்ல தெருவுக்குத் தெரு கோட்டை மாதிரி வீடு. உள்ள ஆள் இருக்கா? பூட்டுத்தான் இருக்கு. காசு பின்னாடி ஓடாதீங்க. ஆண்டவரைத் தேடுங்க."

எல்லாரும் தலையாட்டினார்கள். நானும் பலமாக ஆட்டினேன். இன்க்ரிமெண்ட் கேட்டு ஹெட்மாஸ்டரிடம் நடையாய் நடந்துகொண்டிருக்கிறேன்... அது வேறு விஷயம்.

பிறகு, யாருக்காவது ஜெப விண்ணப்பம் உண்டா என்றார் ஐயர். ஒருவர் காய்ச்சல் போக வேண்டும் என்றார். ஒருவர் டிரான்ஸ்ஃபர் வேண்டும் என்றார். அப்புறம் தேவசகாயம் எழுந்தார்.

"ஐயா, சாராயக்கடை ஏலம் வருது. எங்க ஆச்சிக்குச் சொந்தக்காரர் ஒருத்தர் கேக்கப் போறாரு. கெடைச்சா என்னைக் கல்லாவுல உக்கார வைக்கிறேன்னு சொல்லியிருக்காரு. ஏலம் அவருக்கே விழணும்னு எல்லாரும் எனக்காக ஜெபிக்கணும்."

மதுவிலக்கை எடுத்த புதிது. டீக்கடை, பஸ் ஸ்டாண்டு, எங்கள் ஸ்டாஃப் ரூம் - எங்கே பார்த்தாலும் இதே பேச்சுதான். ஆனாலும் ஜெபக் கூட்டத்தில்? ஐயர் கண்ணாடியைக் கழற்றித் துடைக்க ஆரம்பித்தார்.

அவர் துடைத்து முடிப்பதற்குள் பெண்கள் பக்கமிருந்து தேவசகாயத்தின் மனைவி ஞானம்மா எழுந்துவிட்டாள்.

"ஐயா, அந்த ஏலம் விழக் கூடாதுன்னு ஜெபிக்கணும். எங்க அப்பா குடிச்சுத்தான் செத்தாரு. அந்தக் காசுல எம் பிள்ளைக சோறு திங்க வேணாம்."

"அப்ப எந்தக் காசுல திங்கும்?" என்றார் தேவசகாயம் இங்கிருந்து.

ஐயர் கண்ணை மூடினார். "ஆண்டவரே, இந்தக் குடும்பத்தை நீர் அறிவீர்..." அதோடு முடித்துக்கொண்டார். எல்லாரும் ஆமென் என்றார்கள். நானும் சொன்னேன். யார் கட்சிக்குச் சொன்னேன்? இன்றுவரை தெரியவில்லை.

வெளியே வந்து இருவரும் ஒரே சைக்கிளில்தான் போனார்கள். அவர் மிதிக்க, இவள் பின்னால் கேரியரில். சண்டை போட்டிருந்தால்கூட எனக்கு நிம்மதியாக இருந்திருக்கும்.

ஏலம் வேறு யாருக்கோ விழுந்தது. அடுத்த வெள்ளிக்கிழமை ஞானம்மா எழுந்து சாட்சி சொன்னாள். "கர்த்தர் என் ஜெபத்தைக் கேட்டாரு." கூட்டமே 'ஆமென்' என்றது. எனக்குப் பக்கத்தில் தேவசகாயமும் பாயைப் பார்த்தபடி 'ஆமென்' என்றார். பாவம், தன் பிழைப்பு போனதற்குத் தானே ஆமென் சொன்ன மனுஷனை அன்றுதான் பார்த்தேன்.

"ஏன் சார், எனக்கு விசுவாசம் பத்தலையா? அவளைவிடக் கொறைச்சலாவா ஜெபிச்சேன்?" என்று வாசலில் கேட்டார்.

வேறு வேலை கிடைக்கும் என்றேன். எனக்கே அது உப்புச்சப்பில்லாமல் இருந்தது. தப்பான வேலை என்று சாமி தடுத்ததாகவே வைத்துக்கொள்வோம். கடை திறக்காமலா போகப் போகிறது? அந்தக் கல்லாவில் இன்னொருத்தன் உட்காரத்தானே போகிறான்? ஏலம் எடுத்த புண்ணியவானும் ஏதோ ஒரு கோயிலில் நேர்ந்துகொண்டுதானே போயிருப்பார்?

கடை திறந்தது. போன வெள்ளிக்கிழமை தேவசகாயம் மறுபடி எழுந்தார்.

"கடைக்கு எதுத்தாப்புல ஒரு தள்ளுவண்டி போடலாம்னு இருக்கேன் ஐயா. சுண்டல், அவிச்ச முட்டை. யாவாரம் நல்லா நடக்கணும்னு ஜெபிக்கணும்."

அத்தனை கழுத்தும் பெண்கள் பக்கம் திரும்பியது - என்னுடையதும்தான். ஞானம்மா எழுந்திருக்கவில்லை. கண்ணை இறுக்க மூடிக்கொண்டிருந்தாள். ஐயர் ஒரு தடவை அவள் பக்கம் பார்த்துவிட்டு, ஜெபித்துவிட்டார்.

கூட்டம் கலைந்ததும் என்னால் சும்மா இருக்க முடியவில்லை. "என்னம்மா, இந்தத் தடவை நீ ஒண்ணும் சொல்லலையே?" என்று கேட்டேன்.

முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

"காலையிலேயே சுண்டலுக்குக் கடலையை ஊறப்போட்டுட்டுத்தாண்ணே வந்தேன்."