கிணறு ஊறும்வரை

2017 ஆவணியில் ஒரெட்டோ ஆற்றில் கல் மட்டுமே கிடந்தது. இத்தாலியின் பலேர்மோ நகரில் அந்தப் பக்கத்துத் தோட்டங்களுக்கு இருக்கும் ஒரே ஆறு அது. கிணறுகளின் ஊற்றும் ஆறும் நிலத்துக்கடியில் ஒன்றுதான்.

ஆற்றங்கரையில் அகஸ்ரீனா என்ற இத்தாலியப் பெண்ணின் எலுமிச்சந்தோட்டத்துக்கு நெடுங்காலம் தண்ணீர் பாய்ச்சியவர் சோதிலிங்கம். கிணறு பாதி இறங்கியதும் மோட்டாரை நிறுத்திவிடுவார். ஊற்று நிரப்பும்வரை கிணற்றுக் கட்டின்மேல் சாய்ந்திருப்பார். யாழ்ப்பாணத்துப் பழக்கம். கிணற்றுக்குத் தாலாட்டுப் பாடுகிறார் என்று பக்கத்துத் தோட்டக்காரர்கள் சிரிப்பார்கள்.

மகள் சிவானுஜா நிலத்தடி நீர் படித்தவள். ஒருநாள் சொல்லிப் பார்த்தாள்.

"நீங்கள் மிச்சம் விடுறதை அவையள் இறைக்கினம், அப்பா."

"இறைக்கட்டும். அதுவும் மரத்துக்குத்தானே போகுது."

அந்த ஆண்டு ஆடியில் மாரடைப்பு வந்து அவர் போய்விட்டார். தன் சாம்பலைக் கடலில் போட வேண்டாம், ஒரெட்டோவில் கரையுங்கள் என்று எப்போதோ சொல்லியிருந்தார். சாம்பல் கரைக்கும் முப்பத்தோராம் நாள் சடங்கான அந்தியேட்டி நெருங்கியது. ஆறு ஓடவில்லை.

"எல்லாரும் ஒரு நாளைக்கு மோட்டாரை நிப்பாட்டினா ஆறு ஓடாதோ, பிள்ளை?" என்று தாய் இந்திராதேவி கேட்டாள்.

மாதக்கணக்காக இறைத்தது ஒரு நாளில் ஊறாது. சிவானுஜாவுக்கு அது தெரியும். ஆனாலும் தோட்டம் தோட்டமாகப் போய்க் கேட்டாள். சிரித்தவர்களும் சம்மதித்தார்கள்.

அந்தியேட்டியன்று காலை ஒரு மோட்டாரும் கேட்கவில்லை. ஆற்றில் ஈரம்கூட இல்லை. சிவானுஜா மண்டியிட்டு, முழங்கை புதையும்வரை மணலைக் கிண்டினாள். காய்ந்த மணல்தான் வந்தது.

"விடு பிள்ளை. கிணறு ஊறட்டும். அவரும் இப்பிடித்தானே பாத்துக்கொண்டிருந்தவர்," என்றாள் தாய்.

சாம்பல் குடத்தை வீட்டில் வைக்கக்கூடாது. அகஸ்ரீனா மோட்டார் கொட்டிலைத் திறந்துவிட்டாள். அவருடைய தொப்பி இன்னும் அங்கே ஆணியில் தொங்கியது.

ஒவ்வொரு ஞாயிறும் சிவானுஜா கிணற்றுக்குள் அளவு நாடாவை இறக்கினாள். பிறகு குடத்தருகே கொஞ்சநேரம் இருந்துவிட்டு வந்தாள். ஐப்பசியில் மழை பிடித்தது. நீர்மட்டம் ஒரு சாண் ஏறியது, அடுத்த கிழமை ஒரு முழம். ஆற்றுக் கற்களுக்கிடையே தண்ணீர் நகரத் தொடங்கியிருந்தது. நீர்மட்டம் ஏறினால் மகிழத்தான் அவளுடைய தொழில் பழக்கியிருந்தது; ஆனால் ஆறு ஓடினால் குடத்தைக் கரைத்துவிட வேண்டும். அவள் ஈர நாடாவைத் துடைத்துச் சுருட்டிவிட்டுத் தாயை அழைத்தாள்.

"கரைக்கத் தண்ணி இன்னும் காணாதம்மா."

தொலைபேசியில் தாயின் பக்கத்து மழையும் கேட்டது.

"ஓம் பிள்ளை. இஞ்சையும் நல்ல மழைதான்," என்றாள் தாய். "இன்னும் ஒரு கிழமை இருக்கட்டும்."