ஆடிட்டுக்குக் கழுவிய கழிப்பறை

நான் தலைமையாசிரியையாக இருக்கும் பள்ளி, வல்லக்கோட்டையிலிருந்து ஒரகடம் போகும் சாலையை விட்டுக் கொஞ்சம் உள்ளே தள்ளி இருக்கிறது. ஊராட்சி ஒன்றிய நடுநிலைப் பள்ளி, ஒன்று முதல் எட்டு வரை. என்னையும் சேர்த்து ஆறு ஆசிரியர்கள். பிள்ளைகளின் அப்பாக்களில் பாதிப் பேர் கம்பெனி லைனில் காண்ட்ராக்ட் வேலை பார்க்கிறார்கள். அம்மாக்கள் கேன்டீனிலும் ஹவுஸ்கீப்பிங்கிலும். "இத்தனை கம்பெனி இருக்கிற ஊரில் உங்கள் பள்ளிக்கு என்ன குறை இருக்கப் போகிறது?" என்று என் சொந்தக்காரர்கள் கேட்பார்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வரும். கம்பெனிக்கும் எங்களுக்கும் நடுவில் ஆள் உயரத்துக்கு மேல் காம்பவுண்டுச் சுவர் இருக்கிறது என்று சொல்லிவிட்டுப் பேச்சை மாற்றிவிடுவேன்.

குறை என்னவென்றால், கழிப்பறை. பெண் பிள்ளைகளுக்கென்று மூன்று அறைகள் கட்டியிருந்தார்கள். இரண்டுக்குக் கதவே கிடையாது. மூன்றாவதன் கதவு கீழ்ப்பாதி துருப்பிடித்து உதிர்ந்துவிட்டது. இந்த அறைகளுக்குத் தண்ணீர் ஏற்றும் மோட்டார் எரிந்து இரண்டு வருடம் ஆகியிருந்தது. நாற்றம் சத்துணவுக் கூடம் வரைக்கும் வரும். சின்னப் பிள்ளைகள் பின்பக்கத்துப் புதருக்குப் போய்விட்டு வந்துவிடும். ஆறு, ஏழு, எட்டில் படிக்கும் பெண்கள் மட்டும் காலையில் வீட்டில் போனால் போனதுதான். சாயங்காலம் மணி அடித்ததும் பையைத் தூக்கிக்கொண்டு ஓடுவார்கள். நடுவில் ஒரு வாய் தண்ணீர் குடிக்க மாட்டார்கள். நான் எத்தனையோ விண்ணப்பம் எழுதிப் பார்த்துவிட்டேன். எல்லாம் ஏதோ ஒரு மேசையில் படுத்துக்கொண்டன.

ஏழாம் வகுப்பில் ஒருத்தி இருந்தாள். கணக்கில் கெட்டி. கரும்பலகையில் நான் தப்புப் போட்டால் முதலில் கை தூக்குவது அவள்தான். "டீச்சர், மூணாவது வரியில மைனஸ் வுட்டுட்டீங்க" என்பாள், பயமே இல்லாமல். எனக்குக் கோபம் வரும், உள்ளுக்குள் சந்தோஷமாகவும் இருக்கும். ஆடி மாதத்தில் அவள் பெரியவளானாள். சடங்கு முடிந்து பள்ளிக்குத் திரும்பிய பத்தாவது நாள் அவள் அம்மா என்னைத் தேடி வந்தார். ஒரு கம்பெனியில் ஹவுஸ்கீப்பிங் வேலை பார்ப்பவர், அந்த நீல யூனிஃபார்மிலேயே வந்து நின்றார். மகளுக்கு நீர்க்கடுப்பு, படப்பையில் டாக்டரிடம் காட்டினேன், தண்ணீர் நிறையக் குடிக்கச் சொல்கிறார் என்றார்.

"இங்க தண்ணி குடிச்சா எங்க டீச்சர் போவும்? தீபாவளி வரிக்கும் பாக்கறேன். அதுக்குள்ள ஒரு வழி பண்லைன்னா நிறுத்திடுவேன். தம்பிய பாத்துகினு வூட்ல கெடக்கட்டும்."

மிரட்டலாகச் சொல்லவில்லை. அவருக்கு வேறு வழி இல்லை என்பது எனக்கும் தெரிந்தது. கைக்குழந்தையைப் பக்கத்து வீட்டில் கெஞ்சி விட்டுவிட்டுத்தான் அவர் வேலைக்குப் போய்க்கொண்டிருந்தார். ஒரு தடவை குழந்தையைப் பார்க்க வீட்டில் நின்றுவிட்டால் இவள் திரும்பி வரமாட்டாள் என்பதையும் நான் பல பெண்களிடம் பார்த்திருக்கிறேன்.

அந்தச் சமயத்தில்தான் ஒரு கம்பெனியின் அறக்கட்டளை அரசுப் பள்ளிகளுக்கு நிதி தருகிறது என்று வட்டார அலுவலகத்தில் சொன்னார்கள். அன்றைக்கே விண்ணப்பத்தை வாங்கி நிரப்பினேன். தேவை என்ற இடத்தில் ஒன்றே ஒன்றுதான் எழுதினேன்: பெண்களுக்குக் கழிப்பறை. இரண்டு வாரத்தில் பதில் வந்தது. எங்கள் ஆட்கள் இரண்டு பேர் நேரில் வந்து பார்ப்பார்கள், பார்த்த பிறகு முடிவு சொல்வோம் என்று. அந்தக் கடிதத்தை அவள் அம்மாவிடம் படித்துக் காட்டினேன். அவர் முகம் தெளிந்ததைப் பார்த்து எனக்கும் நம்பிக்கை வந்தது.

இனிமேல் சொல்லப்போவதை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு வெட்கமாக இருக்கிறது. இருபத்தாறு வருட வேலையில் 'பார்வையிட வருகிறார்கள்' என்றால் எனக்குத் தெரிந்தது ஒரே அர்த்தம். அதிகாரி வருவார். குறை கண்ணில் பட்டால் குறை சரியாகாது, எனக்கு மெமோ வரும். அதனால் உடைந்ததை மறைத்து, இருப்பதைத் துடைத்து, பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்து வைப்பது எங்களுக்குக் கை வந்த கலை. பெற்றோர்களுக்கும் அது புதிதில்லை. பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டத்தில் விஷயத்தைச் சொன்னதும் அந்த அம்மாதான் முதலில் எழுந்தார். கம்பெனியில் ஆடிட் என்றால் ஒரு வாரத்துக்கு முன்பே வேலை தொடங்கிவிடும், தரைக்குப் பெயின்ட் அடிப்பார்கள், ஒழுகுகிற மெஷினுக்கு முன்னால் பலகை வைப்பார்கள், யார் கேட்டால் என்ன சொல்ல வேண்டும் என்று லைனில் நிற்கவைத்துச் சொல்லித் தருவார்கள் என்றார். வந்தவர்கள் திருப்தியாகப் போனால்தான் ஆர்டர் கிடைக்குமாம். "அந்த நாத்தத்தையா டீச்சர் வர்றவங்களுக்குக் காட்டறது? அசிங்கமா பூடும்" என்று அவர் சொன்னபோது எல்லோரும் தலையாட்டினார்கள். நானும்தான் ஆட்டினேன். குறையைப் பார்க்கத்தானே வருகிறார்கள் என்று அந்தக் கூட்டத்தில் ஒருவருக்காவது தோன்றியிருக்க வேண்டாமா?

வேலை மளமளவென்று நடந்தது. படப்பைப் பக்கம் புது மனையில் வீடு கட்டும் மேஸ்திரி ஒருவர், எங்கள் பள்ளியில் படிக்கும் ஒரு பிள்ளையின் அப்பா. அங்கே மாட்ட வைத்திருந்த மூன்று பிளாஸ்டிக் கதவுகளை இரவல் கொண்டுவந்து பொருத்தினார். வார்டு மெம்பர் ஒரு டேங்கர் தண்ணீர் கொண்டுவந்து டிரம்களில் நிரப்பினார். சனிக்கிழமை தன் லீவு நாளில் அந்த அம்மா ஆசிட்டும் பிரஷ்ஷுமாக வந்து, முகத்தில் துணியைக் கட்டிக்கொண்டு, காலையிலிருந்து மதியம் வரை மூன்று அறைகளையும் தேய்த்துக் கழுவினார். வெளிச்சுவருக்கு வெள்ளை அடித்தோம். பார்க்கவே நன்றாக இருந்தது. எனக்குப் பெருமை பிடிபடவில்லை. திங்கட்கிழமை இறைவணக்கத்தில், யார் என்ன கேட்டாலும் எழுந்து நின்று 'எல்லாம் நல்லா இருக்கு' என்று சொல்ல வேண்டும் என்று பிள்ளைகளிடம் சொன்னேன். ஒவ்வொரு தடவையும் சொல்வதுதான், யோசித்துச் சொல்லவில்லை.

வந்தவர்களில் ஒருவர் முப்பது வயதுப் பெண், கையில் டேப்லெட். இன்னொருவர் வேலையிலிருந்து ஓய்வு பெற்றவர் மாதிரி இருந்தார். ரோஜாப்பூ கொடுத்து வரவேற்றோம். நேராகக் கழிப்பறைக்குத்தான் போனார்கள். அந்தப் பெண் ஒவ்வொரு கதவையும் திறந்து மூடிப் பார்த்தார், டிரம்மில் தண்ணீர் இருக்கிறதா என்று எட்டிப் பார்த்தார். பிறகு விண்ணப்பத்தை ஒரு தடவை படித்துவிட்டு என் முகத்தைப் பார்த்தார்.

"கதவெல்லாம் இருக்கே மேடம். நல்லாத்தானே வெச்சிருக்கீங்க?"

அதற்கு நான் என்ன சொன்னேன் தெரியுமா? "ஏதோ எங்களால் முடிந்த அளவுக்கு" என்றேன். வீட்டுக்கு வந்தவர்கள் சமையலைப் பாராட்டினால் சொல்வோமே, அப்படிச் சொன்னேன்.

அவர் விடவில்லை. நல்ல பெண், வேலையைச் சரியாகச் செய்ய வந்தவர். பக்கத்தில் வரிசையாக நின்றிருந்த பெண்களில் ஒருத்தியைக் கூப்பிட்டு, நீங்கள் இதைத்தான் தினமும் உபயோகிக்கிறீர்களா என்று கேட்டார். அவர் கை காட்டியது அந்த ஏழாம் வகுப்புக்காரியை. அவள் என்னைப் பார்த்தாள். சுற்றிலும் பெற்றோர்கள், வார்டு மெம்பர், இரவல் கதவு கொடுத்த மேஸ்திரி. இத்தனை பேர் முன்னால் கதவு இரவல் என்று எப்படிச் சொல்வது? நான் அவளைப் பார்த்துச் சிரித்தேன், தலையை லேசாக ஆட்டினேன்.

"யூஸ் பண்றோம் மேடம். எல்லாம் நல்லா இருக்கு" என்றாள்.

கதவுகள் அந்த வாரமே மேஸ்திரியின் மனைக்குத் திரும்பிப் போயின. அடுத்த மாதம் அறக்கட்டளையிலிருந்து கடிதம் வந்தது. குறைந்த வசதியிலும் பள்ளியைச் சுத்தமாகப் பராமரிப்பதற்குப் பாராட்டு. கழிப்பறைகள் திருப்திகரமாக உள்ளதால் அந்த நிதி வேறொரு பள்ளிக்கு வழங்கப்படுகிறது. எங்கள் பள்ளிக்குப் பெரிய தொடுதிரை டிவி ஒன்று தரப்படும். அதுவும் வந்தது. ரிப்பன் வெட்டினோம், போட்டோ எடுத்துக்கொண்டோம், எல்லோருக்கும் நன்றி சொன்னேன். அந்தப் போட்டோவில் நான் சிரித்துக்கொண்டுதான் இருக்கிறேன்.

தீபாவளி லீவு முடிந்து பள்ளி திறந்தது. அவள் வரவில்லை. ஒரு வாரம் ஆயிற்று, இரண்டு வாரம் ஆயிற்று. பிள்ளைகளிடம் சொல்லி அனுப்பினேன், பதில் இல்லை. மூன்றாவது வாரம் வெள்ளிக்கிழமை பள்ளி விட்டதும் நானே போனேன். வரிசையாக இருந்த ஓட்டு வீடுகளில் கடைசி வீடு. அந்த அம்மா ஷிப்ட் முடிந்து அப்போதுதான் வந்திருந்தார். மகள் தம்பியை இடுப்பில் வைத்துக்கொண்டு நின்றாள். எனக்கு நாற்காலி போட்டார்கள், டீ போட்டார்கள். மரியாதையில் ஒரு குறையும் இல்லை. அதுதான் என்னைக் கொன்றது. நான்கு வார்த்தை திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"உங்கள இன்னா டீச்சர் சொல்றது? நாந்தான கழுவுனேன்" என்றார் அந்த அம்மா. "ஆடிட்ல பாஸ் ஆயிட்டோம். அவ்ளோதான்."

மகள் குழந்தையை மறு இடுப்புக்கு மாற்றிக்கொண்டாள். "நான் நல்லா கீதுன்னு சொன்னதாலதான டீச்சர் கட்டித் தரலை?"

அதுவரைக்கும் அந்தப் பாரம் அவள் மேல் இருக்கும் என்று எனக்கு உறைக்கவே இல்லை. இரண்டு மாதமாக அதைச் சுமந்திருக்கிறாள். இல்லை கண்ணு, உன்னைச் சொல்லச் சொன்னது நான்தான், தப்பு என் மேல் என்று அவள் அம்மா எதிரிலேயே சொன்னேன். ஒரு பிள்ளையிடம் நான் அப்படிச் சொன்னது அதுதான் முதல் தடவை. நாளைக்கே அறக்கட்டளைக்கு உண்மையை எழுதிவிடுகிறேன், எப்படியும் அடுத்த வருடம் கட்டிவிடலாம், அதுவரை பொறுத்துக்கொண்டு அனுப்புங்கள் என்று கெஞ்சினேன். எதைப் பொறுத்துக்கொள்வது என்று அந்த அம்மா கேட்காமல் விட்டாரே, அது அவர் பெருந்தன்மை.

மகள்தான் கேட்டாள். குற்றமாகக் கேட்கவில்லை. கணக்கில் புரியாத இடத்தைக் கேட்பது போல உண்மையாகவே தெரிந்துகொள்ளக் கேட்டாள்.

"நீங்க எங்க டீச்சர் போவீங்க?"

என் அறைக்குப் பின்னால் ஒரு கதவு உண்டு. அதைத் திறந்தால் ஆசிரியர்களுக்கான கழிப்பறை. தாழ்ப்பாள் உண்டு, ஆபீஸ் தொட்டியிலிருந்து குழாயில் தண்ணீர் வரும். பூட்டித்தான் வைத்திருப்போம். அதன் சாவி அந்த நிமிடம் என் மடியில் இருந்த கைப்பைக்குள் கிடந்தது. இதுவரை நான் அதைப் பற்றிச் சொல்லாததற்குக் காரணம், அந்த நாள் வரைக்கும் எனக்கே அது நினைவுக்கு வரவில்லை என்பதுதான். பிள்ளைகள் அதற்குள் போகக்கூடாது என்று யாரும் உத்தரவு போடவில்லை. எனக்கு முன்பு இருந்தவர் பூட்டினார், நானும் பூட்டினேன். அறக்கட்டளை விண்ணப்பத்தில் 'பள்ளியில் உள்ள கழிப்பறைகள்' என்ற கட்டத்தில்கூட நான் அதைச் சேர்க்கவில்லை. ஆறு, ஏழு, எட்டு மூன்றிலும் சேர்த்துப் பெரிய பெண்கள் முப்பது பேருக்குள்தான் இருப்பார்கள். அந்தக் கதவைப் பற்றி அவளிடம் சொல்லி, திங்கட்கிழமையிலிருந்து அது உங்களுக்கும்தான், வா என்று சொல்லிவிட்டு வந்தேன்.

திங்கட்கிழமை முதல் வேலையாக அந்தப் பூட்டை எடுத்துவிட்டேன். உடன் வேலை பார்ப்பவர்கள் முணுமுணுத்தார்கள், நாற அடித்துவிடுவார்கள் என்றார் ஒருவர். நாறினால் நான் கழுவுகிறேன் என்றேன். சத்தமாகவே சொன்னேன். அறக்கட்டளைக்கு எழுதிய கடிதத்தில், இரவல் கதவு, டேங்கர் தண்ணீர், பிள்ளையைப் பொய் சொல்ல வைத்தது எல்லாவற்றையும் எழுதிக் கையெழுத்துப் போட்டு முத்திரை வைத்தேன். டேப்லெட்டோடு வந்த அந்தப் பெண் ஒரு நாள் சொல்லாமல் கொள்ளாமல் வந்தார், உள்ளதைப் பார்த்தார். மறுவருடம் கட்டிக் கொடுத்தார்கள். நல்ல கட்டடம். ஆனால் அது பின்னால் வந்த கதை.

அந்தத் திங்கட்கிழமையே அவளும் வந்துவிட்டாள். பதினொரு மணி இடைவேளைக்கு மணி அடித்தது. நான் மேசையில் பதிவேடு எழுதிக்கொண்டிருந்தேன். வாசலில் நிழல் விழுந்தது. செருப்பை வெளியே கழற்றி விட்டுவிட்டு, நிலைப்படிக்கு அந்தப் பக்கமே நின்றுகொண்டிருந்தாள்.

"உள்ள வரலாமா டீச்சர்?"

வா என்றேன். என் மேசையில் பாவாடை பட்டுவிடக் கூடாதென்று ஒதுங்கி, சுவரை ஒட்டியே நடந்து போனாள். கேட்க வேண்டியதில்லை, நேராகப் போகலாம் என்று அன்றைக்கே சொன்னேன். அதற்குப் பிறகும் பல தடவை சொன்னேன். புதுக் கழிப்பறை கட்டும் வரைக்கும், ஒவ்வொரு நாளும், வாசலில் நின்று என்னைக் கேட்டுவிட்டுத்தான் அவள் உள்ளே வந்தாள்.