ஒன்றும் கொண்டுவரத் தேவையில்லை

கூட்டுறவுச் சங்கக்கடைச் சுவரில் நான் ஒட்டிய அறிவித்தல் இன்றும் எழுத்துப் பிசகாமல் நினைவில் இருக்கிறது. ‘சிறுவர் பள்ளி. விஜயதசமியன்று ஏடு தொடக்கப்படும். கட்டணம் இல்லை. சீருடை இல்லை. சப்பாத்து வேண்டாம். ஒன்றும் கொண்டுவரத் தேவையில்லை.’ கடைசி வரிக்குக் கீழே சிவப்புப் பேனையால் இரண்டு கோடு வேறு இழுத்திருந்தேன். அவ்வளவு பெருமை எனக்கு.

அப்போது எனக்கு இருபத்தெட்டு வயது. கிளிநொச்சிக்கு அப்பால் ஸ்கந்தபுரத்தில், அரசாங்கம் அப்பாவுக்குக் கொடுத்த குடியேற்றக் காணியில் தனியாக இருந்தேன். அம்மா முதலே போய்விட்டார்; அப்பா போய் எட்டு மாதம். வயலைக் குத்தகைக்கு விட்டிருந்ததால் சோற்றுக்குக் குறைவில்லை. மனிதக் குரல்தான் குறைவு. சில நாட்களில் காலையில் கோழிகளைக் கூப்பிட்டதற்குப் பிறகு படுக்கப் போகும்வரை என் வாய் திறக்காது.

யாழ்ப்பாணத்தில் இருந்த அண்ணா, நான் பள்ளிக்கூடம் தொடங்கப் போகிறேன் என்று கேள்விப்பட்டதும் பஸ் ஏறி வந்துவிட்டார்.

“பொம்பிளைப் பிள்ளை தனிய உந்தக் காட்டுக்குள்ளை இருந்தால் சனம் கதைக்கும். அண்ணியோடை வந்து இரன்.”

“பள்ளிக்கூடம் நல்லா நடந்தால்?”

“நடந்தால் பாப்பம். அடுத்த வருசச் சரஸ்வதி பூசை மட்டும் தவணை. அதுக்குள்ளை பத்துப் பிள்ளையளாவது சேரேல்லையெண்டால் வீட்டைப் பூட்டிப்போட்டு என்னோடை வாறாய்.”

அண்ணியோடு இருப்பதென்றால் அண்ணியின் குசினியில் இருப்பது. இடியப்பம் பிழிந்து, பிள்ளைகளின் உடுப்புத் தோய்த்து, விருந்தினர் வந்தால் உள்ளறைக்குப் போய்விடுவது. அங்கே குரலுக்குக் குறைவிராது. ஆனால் ஒரு குரலும் என்னோடு கதைப்பதற்கு இராது. பத்துப் பிள்ளைதானே, பத்து நாளில் சேர்ந்துவிடும் என்று நினைத்தேன்.

முற்றத்துக் கொட்டிலின் கூரைக்குப் புதுத் தென்னங்கிடுகு போட்டேன். அரைச்சுவர் எழுப்பி, தரையைச் சாணத்தால் மெழுகி, பிள்ளைகள் இருக்க இரண்டு பலகை வாங்கு செய்வித்தேன். கிளிநொச்சி நகரத்தில் ஒரு நேர்சரி இருந்தது. வெள்ளைச் சட்டை, கழுத்துப்பட்டி, சப்பாத்து என்று பிள்ளைகளை மாப்பிள்ளை வேசம் போட்டு அனுப்ப வேண்டும். வரும்படி அதிகமில்லாத எங்கள் குடியேற்றச் சனம் அதற்கு எங்கே போகும்? இந்தப் பக்கத்துக்கு என் கொட்டில்தான் வரப்பிரசாதம் என்று நான் முடிவுகட்டியிருந்தேன்.

விஜயதசமி அன்று விடிய எழும்பித் தலை முழுகி, மஞ்சளில் பிள்ளையார் பிடித்து வைத்து, பிள்ளைகள் விரலால் முதலெழுத்து எழுதப் பெரிய தாம்பாளத்தில் பச்சையரிசி பரப்பினேன். வழக்கப்படி அரிசி, வெற்றிலை, தேங்காய், காணிக்கை எல்லாம் பிள்ளை வீட்டார்தான் கொண்டுவர வேண்டும். நான் அவர்களுக்கும் சேர்த்து வாங்கி வைத்திருந்தேன். சுபநேரம் ஒன்பது மணியோடு முடிந்தது. பதினொரு மணி மட்டும் காத்திருந்தேன். இலவு காத்த கிளி கூட இடையிடையே பறந்துபோய் வந்திருக்கும். யாரும் வரவில்லை. அந்த அரிசியை நான் ஒருத்தியாக ஒன்பது நாள் சமைத்துச் சாப்பிட்டேன்.

பிறகு மூன்று பிள்ளைகள் வந்தார்கள். தாய்மார் வயலில் களை பிடுங்கப் போகும்போது விட்டுவிட்டுப் போவார்கள். களை முடிந்த அன்றோடு அந்தப் படிப்பும் முடிந்துவிட்டது.

தை பிறந்ததும் வீடு வீடாகப் போனேன். காட்டோரமாக, எழுபத்தேழுக் கலவரத்தில் அடிபட்டு மலைநாட்டிலிருந்து வந்து குடியேறிய குடும்பங்கள் இருந்தன. அதில் ஒரு வீட்டில் என் வயதுப் பெண் ஒருத்தி. புருசன் காடு வெட்டிக் காணி திருத்தினான். இவள் தோட்டத்துக் கத்தரி, வெண்டியைக் கொண்டுபோய்க் கிளிநொச்சிச் சந்தையில் விற்றாள். ஐந்து வயதில் ஒரே மகள். நான் போனதும் வீட்டில் இருந்த ஒரேயொரு கதிரையைத் தூசு தட்டி முன்னால் வைத்தாள். நான் கதிரையை விட்டுவிட்டு அவளோடு நிலத்தில் குந்தினேன். எங்கள் இருவருக்கும் அவள் ஊற்றிய தேத்தண்ணியைப் போல நான் வேறெங்கும் குடித்ததில்லை.

“பிள்ளையைப் பள்ளிக்கூடத்துக்கு விடுங்கோவன். ஒரு சதமும் வேண்டாம்.”

“ஆகட்டுங்கக்கா. அவங்ககிட்டக் கேட்டுட்டு அனுப்புறேங்க.”

அவள் சந்தைக்குப் போகாத நாள் பார்த்து வாரத்தில் இரண்டு தரம் போனேன். பிள்ளை சேர்க்கப் போகிறேன் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். தேயிலைக் கொழுந்துக் கூடையின் பாரம், மழைக்குள் நின்று பறித்த கதை, கங்காணியின் வாய் என்று அவள் சொல்லச் சொல்ல நேரம் போவது தெரியாது. நானும் யாருக்கும் சொல்லாததெல்லாம் சொன்னேன். ஒருநாள் சிரித்துச் சிரித்து அவளுக்குப் புரையேறி, நான் தலையில் தட்டினேன். மகள் மட்டும் பள்ளிக்கு வரவில்லை.

மாசியில் சாமான் வாங்கக் கிளிநொச்சிச் சந்தைக்குப் போனேன். கத்தரிக் குவியலுக்குப் பின்னால் அவள் இருந்தாள். பக்கத்துச் சாக்கில் அந்தப் பிள்ளை, வெள்ளைச் சட்டையும் கழுத்துப்பட்டியும், காலுக்கு ஒரு அளவு பெரிய சப்பாத்துமாக இருந்தது. நேர்சரி விட்டு வந்து தாயோடு வீடு திரும்பக் காத்திருந்தது.

எனக்கு மூக்கின்மேல் கோபம் வரும். சந்தை என்றும் பார்க்கவில்லை.

“நான் சும்மா படிப்பிக்கிறன் எண்டு காலாலை நடந்து வந்து கேட்டன். நீங்கள் இஞ்சை காசைக் கொட்டிக் குடுக்கிறியளோ? என்ரை பள்ளிக்கூடத்திலை என்ன குறை?”

அவள் எழுந்து நின்றாள். முந்தானையால் கையைத் துடைத்தாள்.

“குறையின்னு இல்லீங்கக்கா. வெறுங்கையோட எழுத்து ஆரம்பிக்கக் கூடாதும்பாங்க, படிப்பு ஒட்டாதாம். அது போகட்டும். அங்க மலையில தோட்டத்துப் பள்ளிக்கூடமும் சும்மாதாங்க. மாஸ்டர் வந்தா வந்தாரு, வராட்டி இல்ல. எங்கப்பா ஒருநாளு ஏன்னு கேக்கப் போனாரு. சும்மா குடுக்கிறதுக்குக் கேள்வி வேறயான்னு தொரத்திட்டாங்க. தானங் குடுத்த மாட்டப் பல்லப் புடிச்சுப் பாக்கக் கூடாதில்லீங்களா? ஆனா எம்புள்ள படிக்கிற எடத்தை நான் பல்லப் புடிச்சுப் பாக்கணுங்க.”

பஸ்ஸில் வரும்போது முதலில் அவளைத் திட்டினேன். எங்கள் ஊர்ப் பக்கம் போகும் அக்கராயன் பாதைக்குத் திரும்பியதும் அழுகை வந்தது. அவள் சொன்னது சரி என்பது ஒன்று. அதைவிட இன்னொன்று சுட்டது. நான் தருமமும் செய்யவில்லை, கல்வியும் கொடுக்கவில்லை. பேச்சுத்துணைக்கு ஆள் தேடியிருக்கிறேன். காசு கேட்டால் வரமாட்டார்களோ என்ற பயத்தில், கொட்டிலைத் திறந்து வைத்து வாருங்கள் வாருங்கள் என்று மன்றாடியிருக்கிறேன். பிள்ளையை அப்படிப்பட்ட ஒருத்தியிடம் யார் விடுவார்கள்? நானென்றாலும் விடமாட்டேன்.

அறிவித்தலைக் கிழித்துவிட்டுப் புதிதாக எழுதினேன். மாதக் கட்டணம் போட்டேன். நேர்சரியில் வாங்குவதில் பாதிக்கும் குறைவு. ஆனாலும் கட்டணம் கட்டணந்தான். வெள்ளைச் சட்டை கட்டாயம், தைக்கத் தெரியாதவர்களுக்கு என் மெசினில் தைத்துத் தரப்படும். சப்பாத்து அப்போதும் வேண்டாமென்றே எழுதினேன். சாணத் தரைக்கு வெறுங்கால்தான் நல்லது. கடைசியாக, மாத முதற் சனிக்கிழமை பெற்றோர் வந்து பிள்ளையின் படிப்பைச் சோதிக்கலாம், கேள்வி கேட்கலாம் என்று எழுதினேன். இந்தமுறை கோடு இழுக்கவில்லை.

சித்திரைக்குப் பிறகு ஒவ்வொருவராக வந்தார்கள். அவளும் மகளை நேர்சரியிலிருந்து நிறுத்தி, ஒரு தட்டில் அரிசி, வெற்றிலை, தேங்காய் வைத்து, வெற்றிலைக்கு மேலே முதல் மாதக் காசையும் வைத்துக் கொண்டுவந்தாள். பிள்ளை வெறுங்காலோடு வந்தது. அதற்குச் சப்பாத்து கழன்ற சந்தோசம்.

முதற் சனிக்கிழமை அவள் மகளின் சிலேட்டை இரண்டு பக்கமும் திருப்பிப் பார்த்தாள். அவளுக்கு வாசிக்கத் தெரியாது.

“‘அ’னாவுல இந்தச் சுழி நேத்து ஒரு மாதிரி இருந்திச்சு, இன்னிக்கு வேற மாதிரி இருக்குதே, ஏங்க டீச்சர்?”

உண்மையில் பிள்ளை பிழையாகத்தான் எழுதியிருந்தது. பன்னிரண்டு சிலேட்டுக்குள் நான் கவனிக்கவில்லை. பிழைதான் என்று ஒப்புக்கொண்டேன். அவளுக்கு அது திருப்தி. எனக்கு அந்தப் பிழையைவிட, அவள் ‘அக்கா’ என்று சொல்லாததே காதில் நின்றது.

அடுத்த வாரம் பழைய நினைப்பில் அவள் வீட்டுக்குப் போனேன். “டீச்சர் வந்திருக்காங்க” என்று உள்ளே ஓடினாள். புருசன் அவசரமாகச் சட்டை போட்டான். கதிரை வந்தது. நிலத்தில் இருக்கப் போனேன், விடவில்லை. நான் கதிரையில் இருக்க, அவர்கள் மூவரும் நின்றார்கள். தேத்தண்ணி எனக்கு மட்டும் வந்தது, தட்டில் வைத்து. என்னிடம் கேட்பதற்கு அவளிடம் மகளின் படிப்பைத் தவிர வேறொன்றும் இருக்கவில்லை. பிறகு நான் போகவில்லை. அவளை எங்கள் வீட்டுக்குள் கூப்பிட்டாலும் வேலிப் படலைக்கு வெளியே நின்றபடியே “இருக்கட்டுங்க டீச்சர், வேலையிருக்குங்க” என்பாள்.

தவணைப்படி சரஸ்வதி பூசைக்கு அண்ணா வந்தார். பதினாறு பிள்ளைகள் வெள்ளைச் சட்டையோடு வரிசையாக இருந்து தேவாரம் பாடினார்கள். அடுத்த நாள் ஏடு தொடக்க ஏழு புதுப் பிள்ளைகள், ஏழு தட்டு அரிசி. அண்ணா அரைச்சுவரைத் தட்டிப் பார்த்தார், கிடுகைப் பார்த்தார், ஒரு பிழையும் பிடிக்க முடியவில்லை. எனக்கு உள்ளுக்குள் குதிக்க வேண்டும்போல இருந்தது. அண்ணியின் குசினிக்கு நான் போகப் போவதில்லை.

பின்னேர பஸ்ஸுக்குப் புறப்படும்போது படலையடியில் நின்று திரும்பினார்.

“பள்ளிக்கூடம் சரி, நான் ஒண்டும் சொல்லேல்லை. பிள்ளையள் பன்ரண்டு மணிக்குப் போயிடுவினம். அதுக்குப் பிறகு ஆரோடையம்மா கதைக்கிறனீ?”

“அந்த மலைநாட்டுப் பிள்ளையின்ரை தாய் வருவா அண்ணா. தேத்தண்ணி குடிச்சுப்போட்டு ரெண்டு பேரும் பொழுதுபடுமட்டும் கதைச்சுக்கொண்டிருப்பம்.”

அண்ணாவின் முகம் தெளிந்தது. நிம்மதியாகப் பஸ் ஏறினார். அவளும் நானும் கடைசியாக ஒன்றாய் இருந்து தேத்தண்ணி குடித்தது, நான் காசு கேட்பதற்கு முதல்.