பக்கத்தில் கொஞ்சம் இடம்

சுனாமிக்குப் பிறகு சாய்ந்தமருதுக் கடற்கரைக்குக் கமராவோடு போனவர்களிடமெல்லாம் அந்த மீன் வியாபாரி ஒன்றையே கேட்பார். வெள்ளைத் தொப்பியைச் சரிசெய்தபடி என்னிடமும் கேட்டார்.

“தம்பி, கடல் வாறத்துக்கு முந்தி இஞ்ச எடுத்த படம் இரிக்கா? மூலையில எண்டாலும் எண்ட பொஞ்சாதி விழுந்திருப்பா.”

“வீட்டில் ஒன்றுமில்லையா காக்கா?” அந்த ஊரில் அண்ணனை அப்படித்தான் அழைப்பார்கள்.

“எல்லாம் கடலோட போயிட்டு. முந்தி ஒரு வெள்ளக்காரன் அவவப் படம் புடிச்சான். றோட்டுல ஆரையும் எடுக்கச் சட்டம் இடம் குடுக்கும் எண்டான். ரோசத்துல அவன்ட ரீலை உருவி வெயில்ல காட்டி அழிச்சிட்டன். இப்ப அவவும் கடலோட மௌத்தாப் போயிட்டா.”

அவரையாவது எடுக்கட்டுமா என்றேன். கடலுக்கு முதுகைக் காட்டி வந்து நின்றார்.

“எடுங்க. பக்கத்துல கொஞ்சம் இடம் விடுங்க.”

அந்தப் படத்தில் அவர் ஓரமாக நிற்கிறார். விட்ட இடத்தில் கடல்தான் விழுந்திருக்கிறது.