இஸ்திரிச் சூடு

லாட்ஜ் விரிப்புகளை ஒரு சுருக்கம் இல்லாமல் தேய்த்துத் தருவதில் அந்த இஸ்திரிக்காரரை அடித்துக்கொள்ள ஆளில்லை. அடுத்தவர் சொல்வதைக் காதில் போட்டுக்கொள்ளாமல் இருப்பதிலும் அப்படித்தான். அவர் தேய்க்கத் தேய்க்க, எதிரில் நின்று மடிப்பவள் அவர் மனைவி. இரண்டு சாமர்த்தியத்தையும் அவள் அளவுக்குப் பார்த்தவர் யாரும் கிடையாது.

கீழ்க் கடைவாய்ப் பல் சொத்தையாகிக் கன்னம் வீங்கியதும், அவள்தான் இழுக்காத குறையாகப் பல் டாக்டரிடம் கூட்டிப்போனாள். வேரில் சீழ் கட்டியிருக்கிறது, மாத்திரை கொஞ்ச நாளைக்கு அடக்கும், பல்லை எடுத்துச் சீழை வெளியேற்றினால்தான் தீரும் என்றார் டாக்டர். மாத்திரையில் வீக்கம் வடிந்தது. வடிந்ததுதான் தாமதம், நம் ஆள் மீதி மாத்திரையை அலமாரியில் வீசிவிட்டார்.

"போய்ப் பல்லைப் பிடுங்கிட்டு வந்துடலாங்க."

"வலிக்காத பல்லை எந்தப் பைத்தியக்காரன் பிடுங்குவான்? போடி, வேலையப் பாரு."

மறுபடி வீங்கியபோது தொழில் மூளையை ஓட்டினார். எவ்வளவு கெட்டியான சுருக்கமும் சூடு பட்டால் இளகுகிறதே, கன்னம் மட்டும் இளகாதா? துண்டை நாலாக மடித்துப் பெட்டியால் சுடச்சுடத் தேய்த்துத் தரச் சொன்னார். டாக்டரிடம் போகலாம் என்று அவள் மன்றாடியதற்கு, "புருஷன் வலியில துடிக்கிறான், நின்னு வேடிக்கை பாக்குறியா?" என்றார். அந்தப் பேச்சைத் தாங்காமல்தான் அவள் துண்டைத் தேய்த்துத் தேய்த்துக் கன்னத்தில் ஒத்தடம் கொடுத்தாள்.

வீக்கம் தாடையைத் தாண்டிக் கழுத்துக்கு இறங்கியது. வாயின் அடிப்பக்கம் பலகையாய் இறுகி நாக்கை மேலே தூக்கியது. எச்சில் விழுங்க முடியாமல் வழிந்தது; படுத்தால் மூச்சு முட்டியது. அவள் அலறியடித்துக்கொண்டு பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனாள். கழுத்தில் துளை போட்டு மூச்சுக்குக் குழாய் வைத்தார்கள். தாடைக்கு அடியில் இரண்டு பக்கமும் கீறிச் சீழை வடித்தார்கள். அந்தப் பாழாய்ப்போன பல்லையும் பிடுங்கி எறிந்தார்கள். வெளியே அவள் கும்பிடாத சாமியில்லை.

ஒருவழியாகப் பிழைத்துக் கண் விழித்தார். குழாய் இருந்ததால் பேச்சு வரவில்லை. வார்டைச் சுற்றி வந்த டாக்டர், கன்னத்துத் தோல் கன்றிக் கருத்திருந்ததைக் கவனித்தார்.

"சூடு வெச்சீங்களா? சீழ் கட்டின எடத்துல சூடு வெச்சா இன்னும் பரவத்தானே செய்யும்? யாரு பார்த்த வேலை இது?"

படுக்கையிலிருந்து அவர் கை மெல்ல எழுந்தது. விரல் நேராக மனைவியைக் காட்டியது.

இந்த மனுஷன் பிழைக்கவா அத்தனை அழுகை அழுதோம் என்று மனசுக்குள் வெறுத்துப்போனாள்.

"ஆமாங்க டாக்டர், நான்தான் வெச்சேன். பல்லைப் பிடுங்கச் சொல்லிக் கெஞ்சினதும் நான்தான். அதையும் அவரையே கேளுங்க."

டாக்டர் அதற்குள் அடுத்த கட்டிலுக்குப் போய்விட்டிருந்தார். பின்னால் போன நர்ஸ் மட்டும் நின்று, "இனிமேலாவது அவரை ஒழுங்கா பார்த்துக்கங்கம்மா" என்று சொல்லிவிட்டுப் போனாள்.